அழுகையிலும் ஸ்தோத்திரம் சொல்ல முடியுமா?

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் 'ஸ்தோத்திரம்' என்ற சொல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்களேன், வேடிக்கையாக இருக்கும். வாசலில் ஆள் வந்தால் "ஸ்தோத்திரம், வாங்க வாங்க!" புறப்படும்போது "ஸ்தோத்திரம், போயிட்டு வர்றோம்." போனை எடுத்தால் ஹலோவுக்குப் பதில் ஸ்தோத்திரம். கேஸ் சிலிண்டர் நேரத்துக்கு வந்துவிட்டால் ஸ்தோத்திரம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால்கூட, 'ஐயோ' என்று ஆரம்பித்த வாயைச் சட்டென்று திருப்பி 'ஸ்தோத்திரம்' என்று முடிக்கிற பாட்டிமார்கள் உண்டு.

அழகான பழக்கம்தான். நன்றியும் துதியும் வணக்கமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பால் பொங்கினதற்கும் பஸ் தவறினதற்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, பெரிய கஷ்டம் வரும்போதும் தானாக அந்தச் சொல்லைத் தேடிப் போகும் என்பதும் வாஸ்தவமே.

ஆனால் இந்தக் காட்சியையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஏழு மாதம் சுமந்த குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருக்கிறாள் ஓர் இளம் தாய். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கிறது. குடிக்கப் பிள்ளை இல்லை. சபைப் பெண்கள் நாலைந்து பேர் பார்க்க வருகிறார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். அதில் ஓர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழக்கூடாதும்மா. எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லணும்னு வேதத்திலேயே இருக்கு. ஆண்டவர் ஏதோ ஒரு நோக்கத்தோடதான் எடுத்திருப்பார். எங்கே, ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தை சொல்லு பார்ப்போம்" என்கிறார். அவளும் சொல்கிறாள். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல்லே தொண்டையில் முள்ளாகிவிடுகிறது. சொல்ல முடியவில்லையே, நமக்கு விசுவாசம் போதவில்லையோ என்ற பயம் வேறு சேர்ந்துகொள்கிறது. ஏற்கனவே ஒரு துக்கம், இப்போது இரண்டு.

அந்த அம்மாள் சொன்னபடி வேதத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அது பவுல் எழுதினது. தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் கடிதத்தில், ஐந்தாம் அதிகாரம் 18ஆம் வசனம். கி.பி. 50ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட கடிதம் இது. புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. வேதப் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். அங்கே 'எல்லாவற்றிற்காகவும்' என்று இல்லை. 'எல்லாவற்றிலும்' என்கிற பொருளில்தான் இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் அப்படியே. ஒரு வேற்றுமை உருபு செய்கிற வேலையைப் பாருங்கள்! காய்ச்சலில் கிடக்கும்போது நன்றி சொல்வது வேறு. காய்ச்சல் வந்ததற்காக நன்றி சொல்வது வேறு. குழந்தை செத்ததற்காக நன்றி சொல் என்று பவுல் அந்தத் தாயைக் கேட்கவில்லை. அந்த இருட்டுக்குள் இருந்துகொண்டே, தேவன் இன்னும் தன்னை விட்டுப் போகவில்லை என்பதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். அதற்குக்கூட நாளாகலாம்.

வேதம் தெரிந்த வாசகிகள் இந்த இடத்தில் என்னை விடமாட்டார்கள். "எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் 'எல்லாவற்றிற்காகவும்' என்றே இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் படித்தால், சபையார் கூடிப் பாடி ஆராதிப்பதைப் பற்றிய பேச்சு அது என்று தெரிகிறது. துக்கவீட்டில் போய்க் கட்டளை போடுவதற்காக எழுதினதாக எனக்குத் தோன்றவில்லை. தீமையை நன்மை என்று கூப்பிடச் சொல்லி வேதத்தில் எங்கும் இல்லை. ரோமருக்கு எழுதின கடிதத்திலும், எல்லாம் சேர்ந்து நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிறாரே தவிர, நடப்பதெல்லாம் நல்லது என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி யோவான் சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரம். லாசரு செத்து நாலு நாள் ஆகிவிட்டது. மார்த்தாள் ஓடி வந்து, "நீங்க இங்கே இருந்திருந்தா என் தம்பி செத்திருக்க மாட்டானே" என்கிற பாவனையில் ஆண்டவரிடமே குறைப்படுகிறாள். பின்னால் வந்த மரியாளும் அதையே சொல்லி அழுகிறாள். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தாமும் அழுகிறார். அதன் பிறகு, அதே கல்லறை வாசலில், கண்களை ஏறெடுத்துப் பிதாவுக்கு நன்றி சொல்கிறார். அழுகைக்கும் நன்றிக்கும் நடுவே ஐந்தாறு வசனம்தான் இடைவெளி. அழுகை முதலில், நன்றி பிறகு. இன்னும் சில நிமிஷத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்தவரே அழுதிருக்கிறார் என்றால், எதுவும் தெரியாத நம்மை அழாதே என்று சொல்ல யாருக்கு உரிமை?

சங்கீதப் புத்தகத்தை வெறும் துதிப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட வெளிச்சம் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் வேதமாக்கி நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். கோவில் வாசலில் அழுத அன்னாளைப் பாருங்கள். உதடு மட்டும் அசைந்ததால், ஆசாரியனான ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். அவளுடைய நன்றிப் பாட்டு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. அந்த அழுகையைத் தாண்டிக் குதித்து அவள் பாட்டுக்குப் போய்விடவில்லை.

தெள்ளுப்பூச்சிக்கு நன்றி சொன்ன அக்கா

அப்படியானால் 'எல்லாவற்றிலும்' என்பதை நிஜ வாழ்க்கையில் யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா? இரண்டு சகோதரிகளின் கதையைச் சொல்கிறேன். கிறிஸ்தவ வீடுகளில் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதில் வருகிற பின்னல் வேலையை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஹாலந்து நாட்டில் ஹார்லெம் என்ற ஊரில் ஒரு கடிகாரக் கடை. கீழே கடை, மேலே வீடு. வயதான அப்பா காஸ்பர் டென் பூம், கல்யாணமாகாத இரண்டு மகள்கள்: மூத்தவள் பெட்ஸி, இளையவள் கோரி. வீட்டைப் பார்த்துக்கொள்வது பெட்ஸி, கடையில் அப்பாவுக்கு உதவி கோரி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்துக்கொண்டு யூதர்களை வேட்டையாடியபோது, இந்தக் குடும்பம் யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்தது. கோரியின் படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் பொய்ச்சுவர் எழுப்பி ஒரு மறைவிடம். 1944 பிப்ரவரி 28 அன்று போலீஸ் வந்து குடும்பத்தையே பிடித்துக்கொண்டு போனது. ஒளிந்திருந்தவர்கள் மட்டும் அகப்படவில்லை. அப்பாவுக்கு அப்போது 84 வயது. பத்தே நாளில் சிறையில் இறந்துபோனார். சகோதரிகள் இருவரும் சிறை மாற்றிச் சிறையாக, கடைசியில் ஜெர்மனியில் ராவன்ஸ்புரூக் என்ற பெண்கள் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அங்கே அவர்களைத் தள்ளின கொட்டடியில் படுக்கை என்றால் பலகைகளை அடுக்கி மேலே நாற்றமடிக்கிற வைக்கோல். ஏறிப் படுத்த மறு நிமிஷம் கோரி அலறிக்கொண்டு எழுந்தாள். தெள்ளுப்பூச்சி! வைக்கோல் முழுக்கத் தெள்ளு. "இங்கே எப்படி அக்கா இருக்கப் போறோம்?" என்று கேட்டாள்.

அன்று காலையில்தான் இருவரும், காவலர் கண்ணில் படாமல் மறைத்துக் கொண்டுவந்த வேதப் புத்தகத்தில் இந்தத் தெசலோனிக்கேயர் பகுதியைப் படித்திருந்தார்கள். 'இதோ பதில் இருக்கே' என்றாள் பெட்ஸி. ஒவ்வொன்றாக எண்ணினாள். நம்மைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் போட்டார்களே, அதற்கு நன்றி. சோதனையில் இந்தப் புத்தகம் அகப்படாமல் போனதே, அதற்கு நன்றி. இவ்வளவு நெருக்கமாக அடைத்திருக்கிறார்களே, அதனால் நிறையப் பேர் காதில் வார்த்தை விழும், அதற்கு நன்றி. கடைசியில், 'தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி' என்றாள். கோரிக்கு அது தாங்கவில்லை. ஆண்டவரே வந்தாலும் தெள்ளுக்கு நன்றி சொல்ல வைக்க முடியாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அக்கா இந்தத் தடவை அளவு மீறிப் போய்விட்டாள் என்றே நினைத்ததாக, பிற்காலத்தில் அவளே எழுதியிருக்கிறாள்.

நாட்கள் போயின. பெட்ஸிக்கு உடம்பு முடியாமல் போகவே வெளி வேலையிலிருந்து எடுத்துக் கொட்டடிக்குள்ளேயே சாக்ஸ் பின்னுகிற வேலையில் போட்டார்கள். ராணுவத்தாருக்குக் கம்பளி சாக்ஸ். கை பின்னிக்கொண்டே இருக்க, அவள் மற்றப் பெண்களுக்கு வேதம் படித்துச் சொல்லுவாள், ஜெபம் நடக்கும். வேறெங்கும் காவல்காரிகள் சதா கண்காணிப்பார்கள், அடிப்பார்கள். இந்தக் கொட்டடிக்குள் மட்டும் ஏனோ ஒருத்தியும் கால் வைப்பதில்லை. ஒருநாள் பின்னுகிறவர்களுக்குள் சாக்ஸ் அளவில் ஏதோ குழப்பம். மேற்பார்வைக்காரியைக் கூப்பிட்டுக் கேட்கப் போனார்கள். அவள் வாசற்படி தாண்ட மாட்டேன் என்றுவிட்டாள், காவலர்களும் வரவில்லை. 'அந்த இடம் பூரா தெள்ளு!' என்பது அவர்கள் சொன்ன காரணம்.

சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பின தங்கையிடம் இதைச் சொல்லும்போது பெட்ஸியின் முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

இதோடு கதையை நிறுத்தி, "பார்த்தீர்களா, நன்றி சொன்னால் எல்லாம் நன்மையாகிவிடும்" என்று பிரசங்கத்தில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த டிசம்பர் 16 அன்று பெட்ஸி அதே முகாமில் செத்துப்போனாள். வயது 59. தெள்ளுக்கு நன்றி சொன்னதால் அவள் உயிர் தப்பவில்லை. சில நாளில் கோரி விடுதலையானாள். அதுவும் ஆபீஸில் யாரோ செய்த எழுத்துப் பிழையால் என்று பின்னால் தெரிய வந்தது. போர் முடிந்த பிறகு, முகாம்களிலிருந்து மீண்டவர்கள் தங்கித் தேறுவதற்கு ஹாலந்தில் ஒரு வீடு திறந்தாள். அது பெட்ஸி சாகும்முன் கண்ட கனவு. இந்த அனுபவங்களையெல்லாம் 1971இல் புத்தகமாக வெளியிட்டாள். 1983இல் தன் 91ஆவது பிறந்தநாளன்று கண்மூடினாள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெட்ஸி வதைமுகாமுக்காக நன்றி சொல்லவில்லை. அப்பா செத்ததற்காகச் சொல்லவில்லை. அந்த நரகத்துக்குள் கைக்கு எட்டின சின்னச் சின்ன விஷயங்களைப் பொறுக்கி எடுத்தாள். தெள்ளு விஷயத்தில் மட்டும்தான், புரியாமலே ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அதைத் தங்கையின் வாயில் திணிக்கவுமில்லை. தங்கை முணுமுணுக்க இடம் கொடுத்தாள்.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். அதே ஜெர்மனியில், அதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன், ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு போதகர். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மதில் சூழ்ந்த ஊர் என்பதால் அகதிகள் வந்து குவிந்தார்கள். கூடவே பஞ்சமும் கொள்ளை நோயும். 1637ஆம் வருஷம் மட்டும் அவர் அடக்கம் செய்தவர்கள் நாலாயிரத்துக்கு மேல். ஒரே நாளில் நாற்பது ஐம்பது சவ அடக்கம்கூட நடந்திருக்கிறது. அந்த வருஷமே அவருடைய மனைவியும் போய்ச் சேர்ந்தாள். இந்த மனிதர் பந்தியில் சொல்லும் ஜெபமாக எழுதினதுதான், உலகமெங்கும் நன்றி ஆராதனைகளில் இன்றைக்கும் பாடப்படுகிற புகழ்பெற்ற ஜெர்மன் நன்றிப் பாட்டு. சாப்பாட்டு மேஜைக்கு என்று எழுதினார், கோவிலுக்கு என்று இல்லை! பஞ்ச காலத்துச் சாப்பாட்டு மேஜை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

டோனாவூர் அம்மா

நம்ம ஊருக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர். கோவில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றித் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. அயர்லாந்தில் 1867இல் பிறந்து 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். அதற்குப்பின் ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா'.

அந்த அம்மா 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் சாகும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஓர் அறைதான் அவர் உலகம். ஓடியாடின மனுஷி. நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சுமந்தவர். வலியில் தூக்கம் வராத இரவுகள் எத்தனையோ.

அந்தப் படுக்கையில் இருந்துகொண்டு அவர் எழுதின புத்தகங்களில் ஒன்று 1933இல் வந்தது. நோயாளி இன்னொரு நோயாளிக்கு எழுதுகிற கடிதங்கள்போல அமைந்தது. அதில் அவர் ஒளிக்காமல் சொல்லும் விஷயம், நல்ல திடகாத்திரமாக இருப்பவர்கள் எழுதி அனுப்புகிற ஆறுதல் நூல்கள் தன் படுக்கையில் தனக்கு உதவவில்லை என்பதே. என்ன நியாயமான பேச்சு! டோனாவூர் அம்மாவுக்கே, 'எழுந்து நடமாடுகிறவர்' படுத்திருப்பவருக்குச் சொல்லும் உபதேசம் கசந்திருக்கிறது. ஆனால் அதே அறையில் ஜன்னலுக்கு வெளியே வருகிற பறவைகளும், தூரத்து மலையும், வந்து எட்டிப் பார்க்கிற பிள்ளைகளும் அவர் நன்றிக்குக் காரணங்களாக இருந்தன. தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில், பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள்.

சமையலறையில் ஆரம்பிக்கலாம்

இவர்களெல்லாம் பெரியவர்கள், நமக்கு எங்கே முடியும் என்று தள்ளிவிட வேண்டாம். பெட்ஸி தெள்ளுக்கு நன்றி சொன்னது திடீரென்று வந்ததல்ல. ஹார்லெம் வீட்டில் ஐம்பது வருஷம் காப்பி போட்டுக்கொண்டும் சூப் கிளறிக்கொண்டும் பழகினது. நம் சபைப் பெண்களும் நன்றியை அடுப்படியில்தான் பழகியிருக்கிறார்கள். பிடியரிசிக் கலயம் தெரியுமல்லவா? உலை வைக்கும்போது அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போடுவது. மிசோரம் மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் 1910இல் ஆரம்பித்த இதே வழக்கம் அங்கே இன்றும் நடக்கிறது. அந்தப் பிடியரிசியாலேயே சபையின் எத்தனையோ ஊழியங்கள் நடந்திருக்கின்றன. இதில் என்ன அழகு என்றால், பானை நிறைய இருக்கிற நாளில் மட்டும் போடுவதல்ல. அரிசி அடிமட்டத்துக்கு வந்துவிட்ட மாசக் கடைசியிலும் அந்தக் கை கலயத்துக்குப் போகிறது. மனசு வருகிறதோ இல்லையோ, கை பழகிவிடுகிறது. கையைப் பின்பற்றி மனசு வந்து சேர்கிற நாட்கள் உண்டு.

அறுப்பின் பண்டிகையும் அப்படித்தான். கோவில் தூணில் வாழைத்தாரும் கரும்பும் கட்டி, பூசணிக்காய், முட்டை, கோழி எல்லாம் ஏலம் போடுவார்களே! நூறு ரூபாய் பெறாத பூசணி ஆயிரத்துக்குப் போகும்; எடுத்தவர் அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். விளைச்சல் பொய்த்த வருஷமும் பண்டிகை நிற்பதில்லை.

வீட்டில் தினசரி செய்ய ஒரே ஒரு விஷயம் சொல்வேன். பொத்தாம்பொதுவாக 'எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்' என்று முடிக்காமல், பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். 'சின்னவன் இன்னைக்கு ரெண்டு இட்லி முழுசா சாப்பிட்டானே, ஸ்தோத்திரம்.' 'மத்தியானம் இருபது நிமிஷம் கண்ணசந்தேனே, ஸ்தோத்திரம்.' கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு இந்த இருபது நிமிஷத்தின் அருமை தெரியும்! அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு மனோதத்துவப் பேராசிரியர்கள் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரம் ஒருமுறை நன்றிக்குரிய ஐந்து விஷயங்களைப் பத்து வாரம் எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதினவர்களைவிட மனநிறைவோடு இருந்தார்கள் என்று கண்டார்கள். மனச்சோர்வு என்ற நோய்க்கு இது மருந்தாகுமா என்று பின்னால் பலர் ஆராய்ந்ததில், பலன் சொற்பம்தான் என்று தெரிந்தது. இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி வருகிறது.

பிள்ளைகளுக்குப் பழக்கும்போது ஒரு சங்கதி. "சோறில்லாத பிள்ளைங்க எத்தனை பேரு இருக்காங்க தெரியுமா? அவங்களைப் பார்த்து ஆண்டவருக்கு நன்றி சொல்லு" என்று நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். அடுத்தவர் கஷ்டத்தைக் காட்டி வரவழைக்கிற நன்றியில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் தேவாலயத்தில் நிமிர்ந்து நின்ற பரிசேயன் செய்ததும் நன்றி ஜெபம்தான்! மற்றவர்களைப்போல நான் இல்லையே என்று நன்றி சொன்னான். ஆண்டவர் அவனை ஒப்புக்கொள்ளவில்லை. சோறில்லாத பிள்ளையைக் காட்டினால், அந்தப் பிள்ளைக்குச் சோறு கொடுக்கவும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். மற்றபடி, குழந்தை தன் மனசில் வந்ததைச் சொல்லட்டும். கரண்டு வந்ததற்கும் பல்லி ஓடிப்போனதற்கும் நன்றி சொன்னால் சிரிக்காதீர்கள். 'இன்னைக்கு நன்றி சொல்ல ஒண்ணுமே இல்லை' என்று ஒருநாள் சொன்னாலும் அதட்டாதீர்கள்.

ஆண்களுக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி ஆண்டவருக்கு நீளமாக நன்றி சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்ததும் "சாம்பார்ல உப்பு கம்மி" என்று ஆரம்பிக்கிறவர்கள் எத்தனை பேர்! வியர்வை சொட்டச் சமைத்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. இயேசு சுகமாக்கின பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கணக்குகூடத் தேறுமா என்பது சந்தேகம். நாமும் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணிடம் நின்று ஒரு நன்றி சொல்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நன்றி என்ற பெயரில்

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். "இதுவும் சிலுவைதான், ஸ்தோத்திரம் சொல்லிச் சகிச்சுக்கோ" என்று புத்தி சொல்கிற பெரியவர்கள் சபையிலும் உண்டு, குடும்பத்திலும் உண்டு. பவுலைக் காட்டித்தான் சொல்வார்கள். அந்தப் பவுல் என்ன செய்தார்? பிலிப்பி பட்டணத்தில் அவரையும் சீலாவையும் அடித்துத் தொழுமரத்தில் மாட்டி ஜெயிலில் போட்டார்கள். நடுராத்திரியில் இருவரும் தேவனைத் துதித்துப் பாடினார்கள். அதை எல்லாரும் சொல்வார்கள். பொழுது விடிந்ததும் அதிகாரிகள், 'போங்கள், விட்டுவிட்டோம்' என்று ஆளனுப்பினார்களே, பவுல் போனாரா? விசாரணையில்லாமல் ரோமக் குடிமக்களை அடித்துவிட்டு இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் பயந்து வந்து வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். இரவில் பாடினவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே ஆள்தான். அங்கிருந்து நேரே போய்ச் சேர்ந்த முக்கியமான ஊர் தெசலோனிக்கே. எல்லாவற்றிலும் நன்றி சொல்லுங்கள் என்று கடிதம் எழுதியது அந்த ஊராருக்குத்தான். ஆகவே அடிபடுகிற சகோதரி ஸ்தோத்திரமும் சொல்லலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போனும் செய்யலாம். வீட்டு வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வும் அப்படியே. பிள்ளை பிறந்து முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானாகச் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், தூங்க முடியாமல், பிள்ளையைத் தூக்கக்கூட மனசில்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம் அல்ல, நோய். 'தங்கமாட்டம் பிள்ளையைக் கொடுத்திருக்காரு, நன்றி சொல்லாம மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியே' என்று அவளைக் குத்தாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். செத்துவிடலாம் என்றோ பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது; அவளைத் தனியாகவும் விடக்கூடாது. மனநல ஆலோசனைக்கு அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, அந்த ஏழு மாதக் குழந்தையை இழந்த வீட்டுக்கு நாம் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யோபுவைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் வாயே திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். எட்டாம் நாள் பேச ஆரம்பித்துத்தான் எல்லாவற்றையும் கெடுத்தார்கள். எனவே டிபன் காரியரில் ரசம் சாதமோ கஞ்சியோ கொண்டு போங்கள். மூத்த பிள்ளை இருந்தால் சாயங்காலம் வரை நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். துவைக்க வேண்டிய துணி கிடந்தால் கேட்காமல் எடுத்துத் துவைத்துப் போடலாம். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது என்றால், ஈரத்துணி ஒத்தடம் போட்டுவிட்டு நர்ஸம்மாவிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று கேட்டு, வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்கள். அவளாக என்றைக்காவது 'ஸ்தோத்திரம்' என்று சொன்னால் நீங்களும் கூடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு, வருகிற வாரமும் போங்கள்.